ஏழாம் நம்பர் பஸ்ஸில் வந்த ஆட்டக்காரர்கள்

ரமிரோ என்ற பின்கள ஆட்டக்காரன், வயதாகிவிட்டதென்று கால்பந்திலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள், தோளில் ஒரு பையும் கையில் ஒரு ஜோடி பூட்சுமாக ஏழாம் நம்பர் டவுன் பஸ்ஸிலிருந்து வட்டமலைப்புதூரில் இறங்கினான். ருக்குமணி மெஸ்ஸில் அப்போது மதியப் பந்தி பாதி நடந்துகொண்டிருந்தது. தேங்காய்க் களத்து ஆட்களும் அரிசி ஆலை ஆட்களும் சோற்றில் குழி பறித்து ரசத்துக்குக் காத்திருக்க, அவன் வாசலில் நின்று தலையைக் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்து, அந்த ஊர்க்காரர்கள் பேசுகிற அதே இழுவையில் கேட்டான்.

"ஏனுங் சாமி, இங்க தேங்கா ஒடைக்கற களம் எங்கீங்க இருக்குது?"

ருக்குமணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நிலைப்படியில் இடிக்கிற உயரம், செம்பட்டைத் தலை, எப்போதோ உடைந்து ஒட்டியதுபோல ஒரு பக்கம் சாய்ந்த மூக்கு. பசித்த முகம் எந்த நாட்டுக்காரனுடையதானாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"களம் எங்கயும் ஓடிப் போயிராது. கையக் கழுவிட்டு உக்காருங்க" என்றாள்.

அவன் உட்கார்ந்தான். பக்கத்து இலைக்காரரைப் பார்த்துப் பார்த்துப் பிசைந்தான். தண்ணீர் ஜக்கோடு உள்ளேயிருந்து வந்த அவள் மகள் மோகனப்பிரியா, அந்த மூக்கைக் கண்டதும் நின்றுவிட்டாள். நான்கு வருடமாக தினமும் பார்த்துவரும் மூக்கு அது. ஆனால் டிவித் திரையில் கட்டைவிரல் அளவுக்குத்தான் பார்த்திருந்தாள்.

மோகனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காங்கேயத்தில் பி.காம். முடித்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கொஞ்ச காலம் கணக்குப் பார்த்து, அப்பா போனதும் அம்மாவுக்குத் துணையாக மெஸ்ஸுக்கே திரும்பி வந்தவள். வெளிநாடு போன மாமன் மகன் விட்டுப்போன கேம் பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. பந்தி முடிந்து பாத்திரம் கவிழ்த்தபிறகு, அரிசி மூட்டைகள் அடுக்கிய சாமான் அறையில், கையில் சாம்பார் வாசம் போகாமலே உட்கார்ந்து அவள் அதில் கால்பந்து ஆடத் தொடங்கினாள். நிஜமான கால்பந்தை அவள் தொட்டதுகூட இல்லை. திரையில் ஒரு அணியை உருவாக்கி அதற்கு 'புதூர் சிட்டி' என்று பெயர் வைத்தாள். ஆட்டக்காரர்களை கேமே செய்து கொடுத்தது. ஒரு மூக்கு, ஒரு தலைமுடி, எந்த நாட்டிலிருந்தோ எடுத்து ஒட்டிய ஒரு பெயர், அவ்வளவுதான். அப்பன் ஆத்தாள் கிடையாது, பிறந்த ஊர் கிடையாது. அவர்களை வைத்துக்கொண்டு அடிமட்ட லீக்கிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். அதைக் கேமராவில் ஊருக்கெல்லாம் காட்டவும் செய்தாள்.

அவளைவிட நன்றாக ஆடுகிறவர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள். அவள் வாய்தான் வேறு யாருக்கும் இல்லை. மெஸ்ஸில் சாப்பிட வருகிறவர்களிடம் எப்படிப் பேசுவாளோ அப்படியே அந்தத் திரை மனிதர்களிடமும் பேசினாள். அக்கட்ட போ சாமி, அக்கட்ட போ, இக்கட்ட எவனோ வாரான் பாரு, பந்தக் குடுத்துப் பழகு கண்ணு, நீயே வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற என்று அவள் கொஞ்சிக் கொஞ்சித் திட்டுவதைக் கேட்க முதலில் உள்ளூர்ப் பையன்கள் வந்தார்கள், பிறகு திருப்பூர் தையல்காரர்கள், லாரி டிரைவர்கள், துபாயிலும் மலேசியாவிலும் அறைக்குத் திரும்பி ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கிற தமிழர்கள் எல்லோரும் வந்தார்கள். கால்பந்து பிடிக்காதவர்கள்கூட அவள் சேனலைப் போட்டுவிட்டு வேலை பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அவளைத் தூக்கிவிட்டது ரமிரோதான். ஒரு இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் அவன் சொந்த வலைக்குள்ளேயே பந்தை அடித்துவிட்டான். மோகனா கத்தவில்லை. "ரமிரோ, நீ பந்த உட்டுப்போட்டு எங்க ஊருக்கு வந்து களத்துல தேங்கா ஒடை கண்ணு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றாள். அந்தத் துண்டு வீடியோ கைபேசி கைபேசியாகப் பறந்தது. கல்யாண மண்டபங்களில் சொதப்பிய சமையல்காரரிடம் அதைச் சொன்னார்கள். பனியனில் அச்சடித்தும் விற்றார்கள்.

இப்போது அதே ரமிரோ அவள் அம்மாவின் மெஸ்ஸில் இரண்டாம் சோறு வாங்கிக்கொண்டிருந்தான்.

"நீ எதுக்கு வந்தே?" என்று மோகனா மெதுவாகக் கேட்டாள்.

"நீங்கதானுங்களே வரச் சொன்னீங்க" என்றான். அவன் குரலில் கோபமோ குத்தலோ துளியும் இல்லை. "ஓய்வு குடுத்துட்டாங்க. எல்லாரும் எந்த ஊருக்குப் போறதுன்னு முழிச்சாங்க. எனக்கு மட்டும்தான் போறதுக்கு ஒரு ஊர் சொல்லியிருந்துது."

மோகனா அவன் இலையில் மோர் ஊற்றிவிட்டு, தானே கூட்டிப்போய்க் களத்தைக் காட்டினாள்.

களத்துக்கார நாச்சிமுத்து அவனை வேலைக்குச் சேர்க்க ஒரு கேள்விதான் கேட்டார், வெயில் தாங்குவாயா என்று. ஆடிய ஆட்டமெல்லாம் வெயிலில்தான் என்றான் ரமிரோ. முதல் நாள் தேங்காயோடு தன் விரலையும் சேர்த்து உடைத்துக்கொண்டான். ஒரு வாரத்தில் அரிவாளைத் திருப்பிப் போட்டு ஒரே தட்டில் தேங்காயை இரண்டாகப் பிளந்து, தண்ணீர் சிந்துமுன் அண்ணாந்து குடிக்கப் பழகிவிட்டான். எங்கிருந்து வந்தான் என்று கேட்டவர்களுக்கு மோகனா உள்ளதைச் சொன்னாள். கேட்டவர்கள் "அப்படீங்களா" என்றார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வந்து வேலை செய்கிற ஊரில், கேம் பெட்டியிலிருந்து ஒருவன் வந்தது அவர்களுக்குக் கூடுதலாக ஒரு திசை, அவ்வளவுதான். சொல்லப்போனால் இவனுக்குத் தமிழ் தெரியும், அது வசதி. அவன் வாழ்நாளெல்லாம் காதில் கேட்ட ஒரே மனிதக் குரல் மோகனாவுடையது என்பதால், அவளுடைய தமிழ்தான் அவன் தமிழ். அதனால் சின்னவர் பெரியவர் எல்லோரையும் அவன் சாமி என்றும் கண்ணு என்றுமே கூப்பிட்டான். நாச்சிமுத்துவைக்கூட "பந்தக் குடுத்துப் பழகுங்க கண்ணு" என்றுதான் சொல்வான், தேங்காய் கேட்கிறான் என்று அவர் புரிந்துகொள்வார்.

நீங்க என்ன கூட்டம் என்று ஊரில் வழக்கம்போலக் குலத்தை விசாரித்தார்கள். அவன் யோசித்து, "நமக்கு நெம்பப் பெரிய கூட்டமுங்க, ஸ்டேடியமே நெறஞ்சிரும்" என்றான். அதோடு அந்தக் கேள்வியை விட்டுவிட்டார்கள். அடையாள அட்டைக்காக விவரம் கேட்க வந்த கிராம அதிகாரி, தகப்பனார் பெயர் என்ன என்றார். இல்லை என்றான். தாயார் பெயர் என்றார். சோறு போடுகிற ருக்குமணியை அவன் பார்த்தான். அவள் கரண்டியைத் தூக்கி, "என்ற பேரையே போட்டுக்குங்க, அதனால என்ன கொறஞ்சு போகுது" என்றாள். அதிகாரி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த சீசன் முடிந்ததும் கோல்கீப்பர் ஓலாவி ஓய்வு பெற்றான். மறுநாள் மதியம் ஏழாம் நம்பர் பஸ் வந்தது. அடுத்த சீசனில் பாக்காரி, அதற்கடுத்ததில் இன்னும் சிலர். எங்கே ஏறுகிறார்கள் என்று கண்டக்டர் தண்டபாணியைக் கேட்டால், "வெள்ளகோவில் தாண்டி ஸ்டேடியம் ஸ்டாப்பிங்ல ஏறுனோம்ங்கறாங்க. அப்படி ஒரு ஸ்டாப்பிங்கே நம்ம ரூட்டுல இல்லீங்களேன்னு சொன்னேன். ஆனா ஏறிட்டாங்களே, எறக்கியா உட முடியும்?" என்பார்.

ஓலாவி பனைமர உயரம், பேச்சு குறைவு. லாரியிலிருந்து தேங்காய் இறக்கும்போது மேலே இருப்பவர்கள் வீச வீசக் கீழே பிடித்து அடுக்க வேண்டும். அவன் வந்தபிறகு களத்தில் ஒரு தேங்காய்கூட தரையில் விழவில்லை. எட்டாத காய்க்கும் தாவிப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூட்டைமேல் விழுவான். பக்கத்து ஊர்க் களங்களிலிருந்து அதைப் பார்க்கவே வந்தார்கள். பாக்காரி ஓரக்கள ஓட்டக்காரன், கறுத்த நெட்டை உடம்பு, எப்போதும் சிரிப்பு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பஸ்ஸை விட்டுவிட்டால் அவன் பஸ்ஸுக்கு முன்னால் ஓடிப்போய் வளைவில் நிறுத்திவைப்பான். தையல்கடை பரிமளத்தின் கடை வாசலில் அவன் சட்டைப் பொத்தான் அடிக்கடி அறுந்தது. மாசம் போகப் போக ஊருக்கே விஷயம் தெரிந்து, கோயிலில் மாலை மாற்றிவைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் என்று யாருமில்லையே என்று பரிமளத்தின் அண்ணன் இழுத்தபோது, ரமிரோவும் ஓலாவியும் புதூர் சிட்டியின் மஞ்சள் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, வந்திருந்த எல்லா ஆட்டக்காரர்களோடும் தாம்பாளம் தூக்கி வரிசையாக நடந்து வந்தார்கள். அந்த வரிசையைப் பார்த்து அண்ணன் வாயை மூடிக்கொண்டார்.

மோகனாவின் சேனலும் வளர்ந்தது. தன் ஆட்டக்காரர்கள் மெஸ்ஸில் சாப்பிடுகிறார்கள் என்று அவள் பார்வையாளர்களிடம் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை, யாரும் கேட்கவில்லை. ஆனால் அவள் பேச்சு மாறியிருந்தது. முன்பு பெயர் மட்டும் தெரிந்தவனை இப்போது என்றைக்காவது இவன் நம் பந்தியில் உட்காருவான் என்ற நினைப்போடு திட்டினாள். வயதாகி ஓட முடியாதவனை மாற்றி அனுப்பும்போது, "போதும் வா சாமி, சோறு வெச்சிருக்குது" என்பாள். துபாய்க்காரர்கள் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் சென்னையிலிருந்து நிரஞ்சன் என்பவர் கூப்பிட்டார். பெரிய விளம்பர நிறுவனம் ஒன்றில் இருக்கிறவர், தன்மையாகப் பேசினார். புதிய கால்பந்து கேம் ஒன்று தை முதல் நாள் வருகிறது, அதைத் தமிழில் ஆடிக்காட்ட அவள்தான் வேண்டும், சென்னையில் வீடு, ஸ்டுடியோ, எல்லாம் தயார் என்றார். சாமான் அறையில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த மோகனாவுக்கு உச்சி குளிர்ந்தது. அவள் கனவில்கூட இவ்வளவு கேட்டதில்லை.

"பழசையே ஆடிட்டிருக்க முடியாது பாருங்க மேடம். அதை அன்னிக்கே மூடிடறாங்க. உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே" என்றார்.

அவளுக்குத் தெரியாது. "மூடிட்டா உள்ள இருக்கறவங்க?" என்றாள்.

"உள்ளயா? யாரு மேடம்?"

"என்ற டீம்."

"அது போயிடும். புதுசுல புது டீம் செஞ்சுக்கலாம்" என்றார் நிரஞ்சன், ஆறுதலாக.

மறுநாள் பந்தியில் அவள் அதைச் சொன்னபோது, களத்து ஆட்கள் சோற்றிலிருந்து கையை எடுத்தார்கள். ரமிரோ இலையைப் பார்த்தபடி இருந்தான். பேசாத ஓலாவிதான் பேசினான். "பசங்க உள்ள இருக்கறாங்களே அம்மிணி."

"தெரியுது."

"பயந்துக்குவாங்க. ஆட்டம் இல்லாதப்ப உள்ள நெம்ப இருட்டா இருக்கும். உங்க குரல் கேட்டாத்தான் வெளிச்சம் வரும்."

மோகனா நிரஞ்சனிடம் யோசிக்க நாள் கேட்டுவிட்டு அன்று மதியமே ஆட உட்கார்ந்தாள். ஆட்டத்தை நிதானமாக ஆடவில்லை, சீசன்களை ஓட்டினாள். உள்ளே வருடங்கள் வாரங்களாய்க் கழிய, ஆட்டக்காரர்கள் நரைத்து ஓய்வு பெற, ஏழாம் நம்பர் பஸ் ஒவ்வொரு மதியமும் நான்கைந்து பேரை இறக்கிவிட்டுப் போனது. ஊர் அவர்களை எதிர்பார்த்து நின்றது. ஒறம்பரை, சொந்தபந்தம் வருகிறார்கள் என்று வீட்டுக்கு வீடு பாயை உதறிப் போட்டார்கள். நாச்சிமுத்து குடோனைக் கழுவிவிட்டார். ருக்குமணி கல்யாண அண்டாவை இறக்கி உலை வைத்தாள். பரிமளம் நீளக் கால்களுக்கு லுங்கியை ஒட்டுப்போட்டுத் தைத்தாள். ஏன் இந்த அவசரம் என்று திரையில் எழுதிக் கேட்டவர்களுக்கு மோகனா, "பசங்கள ஊட்டுக்குக் கூட்டிட்டு வரணுங்க" என்று மட்டும் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தாலும் அவர்கள் போகவில்லை. ஒருவன் ஓய்வு பெறும்போதெல்லாம் வாழ்த்துச் சொல்லி, பத்திரமாகப் போய்ச் சேர் என்று எழுதினார்கள்.

ஆனால் மார்கழி பாதியில் அவளுக்கு ஒன்று புரிந்தது. பழையவர்கள் போகப் போக கேம் புதியவர்களைச் செய்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. இறைக்க இறைக்க ஊறுகிற கிணறு அது. மீசை முளைக்காத பையன்கள் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். எத்தனை வேகமாக ஓட்டினாலும் கடைசி நாளில் ஒரு அணி உள்ளே இருக்கத்தான் செய்யும். அவர்கள் வயதாக நேரமிருக்காது. அன்று அவள் அண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். ருக்குமணி வெங்காயம் உரித்துக்கொண்டே மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓய்வு வாங்கறதுக்கு அவங்க மட்டுந்தான் இருக்காங்களா, வேற ஆரும் இல்லையா?" என்று கேட்டாள்.

"வேற ஆரு? நாந்தான் இருக்கேன். மேனேஜர்."

சொன்னபிறகுதான் மோகனாவுக்கு அந்தப் பொத்தான் நினைவுக்கு வந்தது. திரையின் ஒரு மூலையில் 'மேனேஜர் ஓய்வு' என்று ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் மேனேஜர் போவாள், அவளோடு அணியே கலைந்துவிடும். அணி கலைந்தால் யாருக்கும் வயது ஆக வேண்டியதில்லை, எல்லோருக்கும் அன்றே ஓய்வு.

"அழுத்தீர வேண்டியதுதானே?" என்றாள் ருக்குமணி.

"அங்க ஓய்வு வாங்குனவங்க இங்க வந்து எறங்கறாங்கம்மா. நான் இங்கதானே இருக்கேன். நான் ஓய்வு வாங்குனா எங்க போய் எறங்குவேன்?"

ருக்குமணியின் கை நின்றது. வெங்காயத் தோல் காற்றில் பறந்து அடுப்படியெல்லாம் சுற்றியது. நாலைந்து நாள் தாயும் மகளும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ரமிரோ ஒரு முறை தானாக வந்து, "வேண்டாங்க அம்மிணி. நீங்க சென்னைக்குப் போங்க. வந்த வரைக்கும் போதும்" என்று சொன்னான். பேசும்போது அவன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் மனசு போதும் என்று சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

போகிக்கு முதல் நாள் நிரஞ்சன் கூப்பிட்டு, கார் அனுப்பட்டுமா என்றார். "நான் வரலீங்க. வேற ஆரையாச்சும் பாத்துக்குங்க. நாளைக்கு எங்க இருப்பேன்னே எனக்குத் தெரியல" என்றாள் மோகனா. உடம்பு சரியில்லையா மேடம் என்று அவர் நிஜமான அக்கறையோடு கேட்டார். நன்றாக இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

போகியன்று மதியப் பந்தி முடிந்ததும் அவள் சாமான் அறையில் கேமரா முன் உட்கார்ந்தாள். உள்ளே பசங்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "ஆரும் வெசனப்படாதீங்க. பையை எடுத்துக்குங்க. பஸ் வரும்" என்றாள். ருக்குமணி அவள் இடது கை மணிக்கட்டை வளையலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மோகனா வலது கையால் பொத்தானை அழுத்தினாள். உறுதியாகவா என்று திரை கேட்டது. ஆமாம் என்றாள்.

ருக்குமணியின் பிடியில் வளையல் மட்டும் இருந்தது.

உலகத்தில் எங்கெங்கோ இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் காலி நாற்காலியைக் கண்டு, சிலிண்டர் மாற்றப் போயிருப்பாள் என்று எழுதிக்கொண்டார்கள். ருக்குமணி கேமராவைப் பார்த்து, "இருங்க, வந்துருவா" என்று சொல்லிவிட்டு, வளையலைத் தன் கையில் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். ரமிரோ பின்னால் வந்தான். ஓலாவி வந்தான், பாக்காரியும் மாசமாயிருந்த பரிமளமும் வந்தார்கள், களத்து ஆட்களும் ஆலை ஆட்களும் நாச்சிமுத்துவும் வந்தார்கள். பஸ் வரும் நேரத்துக்கு பஸ் வரவில்லை. வெயில் சாய்ந்தது. ருக்குமணி புளியமரத்துக்கும் சாலைக்குமாக நடந்தாள். பாக்காரி வளைவு வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டு வந்து தலையை ஆட்டினான். மறுபடி ஓடினான். மூன்றாம் முறை ஓடியவன் திரும்பி வந்தபோது, அவனுக்குப் பின்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, படிக்கட்டெல்லாம் மஞ்சள் சட்டை தொங்க, ஏழாம் நம்பர் பஸ் வந்தது.

பசங்கள் இறங்கினார்கள். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பைகளை அணைத்துக்கொண்டு வெயிலுக்குக் கண் கூசி நின்றவர்களை ஊர்ப் பெண்கள் கையைப் பிடித்து நிழலுக்கு இழுத்தார்கள். அதன்பின் கறுப்புச் சட்டையில் விசிலோடு ஒரு நடுவரும், கொடி பிடித்த இரண்டு துணை நடுவர்களும் இறங்கினார்கள். இவர்களை யார் கூப்பிட்டது என்று நாச்சிமுத்து கேட்டார். "வந்தவங்கள ஆருன்னு கேக்கறதா, விடுங்க" என்றாள் ருக்குமணி, கண்ணைப் படிக்கட்டிலிருந்து எடுக்காமல்.

கடைசியில் மோகனா இறங்கினாள். அதே சுடிதார். வெறுங்காலில் ஈரப் புல் ஒட்டியிருந்தது.

"எத்தன நேரம்?" என்றாள் அம்மா.

"பஸ் லேட்டும்மா" என்றாள் மகள்.

தண்டபாணி படியில் நின்றபடி, "அம்மிணிக்கு இலவச டிக்கெட் குடுத்துட்டேனுங்க. ஸ்டேடியம் ஸ்டாப்பிங்குன்னு அடிக்க மிசின்ல எடமில்ல, அதனால வெள்ளகோவில்னு போட்டிருக்கேன்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லி விசில் அடித்தார்.

அங்கே எப்படி இருந்தது என்று அன்று முழுக்க ஊர் கேட்டது. மோகனா காப்பி குடித்துக்கொண்டே சொன்னாள். "எங்க பாத்தாலும் பச்சை. சுத்தி ஆளுங்க கத்திட்டே இருக்காங்க, ஆனா ஒருத்தர் மூஞ்சியும் தெளிவாத் தெரியல. பசங்க கேட் பக்கத்துல பையோட வரிசையா உக்காந்திருந்தாங்க. என்னைப் பாத்ததும் எந்திரிச்சாங்க. அத்தன நாளும் குரல் மட்டும்தானே கேட்டிருக்காங்க. நான் இவ்ளோ குட்டையா இருப்பேன்னு நெனைக்கலையாம்."

தை முதல் நாள் பழைய கேம் மூடியது. அவள் பெட்டியைப் போட்டபோது கறுப்புத் திரை வந்தது. உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்ததால் அவள் அதைத் துண்டால் மூடிவைத்தாள். சென்னையில் புதிய கேமை வேறொரு பெண் நன்றாகவே ஆடினாள். மோகனாவும் பார்த்து, நல்லாருக்குது என்று எழுதினாள். இப்போது மோகனாவின் சேனலைத் திறந்தால் நாச்சிமுத்துவின் களம்தான் தெரியும். காய் உலர்த்தாத நாட்களில் அந்த சிமெண்ட் களத்தில் ஆட்டம் நடக்கிறது, அதைக் கேட்க முன்பு வந்தவர்களெல்லாம் வருகிறார்கள், புதியவர்களும் வருகிறார்கள்.

அந்த முதல் ஆட்டம் காணும் பொங்கலன்று நடந்தது. தேங்காய் மூட்டைகளை அடுக்கி கோல் கட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டார்கள். புதூர் சிட்டியில் ஆட்கள் அளவுக்கு மேல் இருந்ததால், ஊர்க்காரர்களையும் அவர்களையும் கலந்து இரண்டாகப் பிரித்தார்கள். களத்து அணிக்கு ஓலாவி கோல்கீப்பர், ரமிரோ அவனுக்கு முன்னால். ஆலை அணிக்கு பாக்காரி ஓரத்தில். கோயிலிலிருந்து ஒலிபெருக்கி கொண்டுவந்து மைக்கை மோகனாவிடம் கொடுத்தார்கள். பொங்கல் தின்ற வயிற்றோடு ஊரே சுவரில் ஏறி உட்கார்ந்தது. பாதி ஆட்டத்தில் ஆலை அணியின் மூட்டை தூக்குகிற ஒருவர் கால் பிசகி வெளியே வந்தார். மாற்று ஆள் யார் என்று எல்லோரும் சுற்றிப் பார்க்க, நடுவர் நேராக மோகனாவிடம் வந்து விரலை நீட்டினார்.

"நான் ஆடுனதே இல்லீங்க" என்றாள்.

நடுவர் விசிலை ஊதினார். அவருக்கு வேறு பேச்சு தெரியாது.

ருக்குமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மைக்கை வாங்கினாள். "நீ போ. நான் பேசறேன்."

"உனக்கு இதப் பத்தி என்னம்மா தெரியும்?"

"உன்னையத் தெரியுமல்ல" என்றாள் ருக்குமணி.

மோகனா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். சிமெண்ட் காலடியில் இதமாகச் சுட்டது. ஒலிபெருக்கி கரகரத்து, பிறகு அவள் அம்மாவின் குரல் களத்துக்கும் ஊருக்கும் துபாய்க்கும் கேட்டது. "என்ற புள்ள உள்ள போயிட்டாளுங்க. பாருங்க, கால வெக்கறதுக்கு யோசிக்கறா. பால்வாடிக்குப் போறப்ப இப்படித்தான் யோசிப்பா. திரும்பி வர்றப்ப மட்டும் புடிக்க முடியாது, அப்படி ஓடியாருவா. இந்தா, அந்தப் பரிமளம் ஊட்டுக்காரர் பந்த இவளுக்குத் தள்ளி உட்டுட்டாரு. நல்ல மனுசன். ஓடு சாமி. அக்கட்ட ரமிரோ நிக்கறான், நெட்டக்கால்காரன், அவன் காலுக்கு நடுவுலயே போயிரு. போயிட்டா. போயிட்டாளுங்க."

மோகனா பாதத்தில் பந்தின் கனத்தை முதல்முறையாக உணர்ந்தபடி ஓடினாள். சுவரில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். தேங்காய் மூட்டைகளுக்கு நடுவே ஓலாவி கைகளை விரித்து நின்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தாள். பந்து வானத்தில் எழும்பி, கொஞ்ச நேரம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்று, பிறகு ஓலாவியின் நெஞ்சில் போய்ச் சாவகாசமாக இறங்கியது.

"புடிச்சுட்டானுங்க" என்றது ஒலிபெருக்கி. "அவன் வேல அது, புடிக்கட்டும். என்ற புள்ள நிக்கல, பாருங்க, மறுக்காப் பந்து வாங்கறதுக்குத் திரும்பிட்டா. மூஞ்சியெல்லாம் வேர்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கறா. துபாய்ல இருக்கறவங்களுக்குத் தெரியுதுங்களா?"

தெரிகிறது என்று துபாயிலிருந்து எழுதினார்கள். மோகனா அதைப் படிக்கவில்லை, அவள் களத்தின் அந்தக் கோடிக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.